நூதனசாலையும் கதைசொல்லியும்: அம்ஸ்டர்டாம் நகரை முன்வைத்து ஒரு நோக்கு

ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களுக்குச் செல்வோருக்கென எழுதப்படும் வழிகாட்டி நூல்களில் நூதனசாலைகள் பற்றிய பகுதி ஏறத்தாழ ஒரே வாய்ப்பாட்டில் அமைவதுண்டு. தவறவிடக் கூடாதவை, நேரமிருப்பின் பார்க்கத்தக்கவை, சிறுவருக்கு உகந்தவை என்ற வகைப்பாடு, திறக்கும் நேரம், கட்டணம். இத்தரப்படுத்தலுக்கு அடிப்படையாயமையும் பெறுமானங்கள் யாவை, அவை யாருடைய பெறுமானங்கள் என்ற வினா அங்கு எழுவதில்லை. இலக்கிய வரலாற்றைத் தலைசிறந்த நூல்கள் சிலவற்றின் நிரலாகக் காணும் திறனாய்வு மரபுக்கும் இவ்வழிகாட்டி நூல்களுக்கும் நெருங்கிய உறவுண்டு. இரண்டுமே ஆக்கங்களை அவை தோன்றிய சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுத்து, சுவைப்புக்குரிய தனிப்பொருள்களாக எமக்குத் தருகின்றன.

இக்கட்டுரையில் அம்ஸ்டர்டாம் நகரின் நூதனசாலைகளை ஒரு பனுவலாகக் கொண்டு வாசிக்க முயல்கின்றோம். நாவலொன்றை ஆராயும்போது இதனை யார் சொல்கிறார், எவ்விடத்தில் நின்று சொல்கிறார், எதைச் சொல்லாது விடுகிறார் என்று கேட்பது எமது வழக்கம். அதே வினாக்களைக் கண்ணாடிப் பேழைகளிடமும் சுவரிலுள்ள குறிப்புகளிடமும் கேட்கலாம் என்பதே எமது துணிபு. இந்நகரைத் தெரிந்தமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது முதல் 1795 வரை எமது பகுதியின் நிலவரியும் நீதியும் கடல்வாணிபமும் இறுதியில் இந்நகரின் கால்வாய்க் கரையிலிருந்த கணக்கறைகளுக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தன. 1602இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைச் சபைகளிற் பெரியது அம்ஸ்டர்டாம் சபையேயாகும். அதன் தலைமையகக் கட்டடம் இன்று அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் உடைமையாக உள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் முதன்மையான முதலாளித்துவ நாடு ஒல்லாந்தே என மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதலாம் பாகத்திற் கூறுவதும், அங்கு ஆதித் திரட்சி பற்றிப் பேசுமிடத்து ஒல்லாந்தக் குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளை எடுத்துக்காட்டுவதும் வாசகர் அறிந்தவையே. அதே பகுதியில், ஒல்லாந்தின் உள்நாட்டு உழைப்பாளரும் ஏனைய ஐரோப்பிய மக்களினும் கூடிய சுமைக்கு ஆளாகியிருந்தனர் என்பதையும் அவர் சுட்டுகின்றார். பலர் மறந்துவிடுவது இந்த இரண்டாவது கூற்றையே.

வழிகாட்டி நூல்கள் யாவும் றைக்ஸ்மியூசியம் எனும் தேசிய நூதனசாலையிலிருந்து தொடங்குகின்றன. நாம் கடல்சார் நூதனசாலையிலிருந்து தொடங்குமாறு கூறுவோம். ஓவியத்தை முதலிற் கண்டு பண்டசாலையைப் பின்னர் காண்பவர் பண்டசாலையை ஓவியத்தின் பின்னணியாகவே காண்பர். வரிசையை மாற்றினால் உறவும் தெளிவாகும். இந்நூதனசாலை அமைந்துள்ள கட்டடம் 1656இல் அம்ஸ்டர்டாம் கடற்படை நிருவாகத்தின் பண்டகசாலையாக எழுப்பப்பட்டது. நீரில் அடிக்கப்பட்ட மரத்தூண்களின் மீது நிற்கும் பெரும் சதுரக் கட்டடம். பீரங்கிகளும் கயிறும் பாய்ச்சீலையும் இங்கே குவிக்கப்பட்டிருந்தன. வாணிபம் ‘சுதந்திரமானது’ என்று எழுதிய நாட்டில் அவ்வாணிபத்தின் துணைக்கருவி எதுவாயிருந்தது என்பதை இக்கட்டடமே எந்தக் குறிப்பும் இன்றிச் சொல்லிவிடுகின்றது.

அதன் அருகே ‘அம்ஸ்டர்டாம்’ என்ற கம்பனிக் கப்பலின் மாதிரி நங்கூரமிடப்பட்டுள்ளது. மூலக் கப்பல் தனது முதற் பயணத்திலேயே, 1749இல், இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கரையருகே அழிந்தது. சிறுவர்கள் இம்மாதிரிக் கப்பலில் ஏறி இறங்கி மகிழ்கின்றனர். அதிற் குறைகாண்பது எமது நோக்கமன்று. ஆயினும் கம்பனி இயங்கிய ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் அதன் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டோர் பத்து இலட்சத்தை அண்டினர் என்பதும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்குச் சற்று மேற்பட்டோரே ஐரோப்பாவுக்குத் திரும்பினர் என்பதும் வரலாற்றாய்வாளர் கணக்கிட்டுக் கூறுபவை. கப்பலேறியோரிற் பெருந்தொகையினர் ஜேர்மன் நிலங்களிலிருந்தும் ஸ்கண்டிநேவியாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த வறியவர்கள். இவர்களுக்கு உணவும் இடமும் கடனாகக் கொடுத்து, அக்கடனுக்கு ஈடாகக் கப்பலேற்றிவிட்டு, அவர்களது எதிர்கால ஊதியத்தின் மீதான பத்திரத்தை விற்றுப் பிழைத்த விடுதிக்காரரை அந்நகர மக்கள் ‘ஆன்மா விற்போர்’ என்று அழைத்தனர். குடியேற்றவாதத்தை ‘வெள்ளையர் எதிர் கறுப்பர்’ என்ற ஒரே கோட்டிற் காண்போர் இக்கப்பலின் கீழ்த்தளத்தில் சிறிது நேரம் நிற்பது நன்று. மாலுமிகள் கொள்ளையிற் பங்குபற்றினர் என்பதும் உண்மையே. சுரண்டப்பட்டவன் தானும் சுரண்டலின் கருவியாவது முதலாளித்துவ வரலாற்றில் அபூர்வமானதன்று.

இனி றைக்ஸ்மியூசியத்துக்குச் செல்லலாம். பியர் கைப்பர்ஸ் என்ற கட்டடக்கலைஞரின் இக்கட்டடம் 1885இல் திறக்கப்பட்டது. பத்தாண்டுப் புனரமைப்பின் பின்னர் 2013இல் மீளவும் திறக்கப்பட்டது. அமைப்பிலே அது ஒரு தேவாலயம். நீண்ட கௌரவ மண்டபத்தின் முடிவில், பலிபீடம் இருக்க வேண்டிய இடத்தில், றெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ (1642) வைக்கப்பட்டுள்ளது. வழிபடப்படுவது யார்? தமது உருவங்கள் தீட்டப்படுவதற்குப் பணம் செலுத்திய நகரக் காவற்படைப் பிரமுகர்கள். நிலமானியத்தின் புனிதர்கள் இருந்த இடத்தில் வணிக வர்க்கம் தன்னையே ஏற்றிவைத்த அந்த வரலாற்றுக் கணத்தை இதனிலும் தெளிவாக உணர்த்தும் மண்டபம் வேறெங்கும் இருத்தல் அரிது. அதன் முற்போக்கான கூற்றை நாம் மறுக்கவில்லை. மன்னனும் மதகுருவும் இன்றி ஒரு கலை தோன்ற முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது அவ்வர்க்கம்.

ஆயினும் எமது கவனத்தை ஈர்ப்பவை இப்பெரும் ஓவியத்திலும் சிறிய சில ஓவியங்களேயாகும். பீட்டர் கிளாஸ் 1627இல் தீட்டிய ‘வான்கோழிப் பணியாரத்துடன் கூடிய மேசை’ அவற்றுள் ஒன்று. வெண்விரிப்பிட்ட மேசை, சீனப் பீங்கான், மத்தியதரைக் கடல் நாட்டு எலுமிச்சை, சிப்பிகள், ஓரத்தில் கூம்பாகச் சுருட்டிய கடதாசியில் மிளகு. அக்காலத்தில் மிளகு விலையுயர்ந்த பண்டம். அதனை உப்பைப் போல வெறுங் கடதாசியிற் சுருட்டி மேசையில் வைத்திருப்பதிலே ஒரு பெருமிதம் உண்டு. எண்ணெய்வண்ண ஓவியம் என்ற வடிவமே உடைமையைத் தொட்டுணரத்தக்கதாக்கும் கலையென ஜோன் பேர்ஜர் 1972இல் விளக்கினார். அக்கருத்து சில ஓவியர்களுக்குப் பொருந்தாது என்று எதிர்வாதம் செய்வோர் உளர். கிளாஸின் மேசைக்கு அது முற்றாகப் பொருந்தும். மிளகு இருக்கின்றது, அதனைப் பறித்த கை இல்லை. பண்டம் தன்னைத் தானே உலகெங்குமிருந்து மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டதுபோல் தோன்றுகின்றது. பண்டத்தின் மாயத்தன்மை பற்றி மார்க்ஸ் எழுதிய பகுதியை மாணவர்க்கு விளக்க இதனிலும் பொருத்தமான படம் எமக்குத் தெரியாது.

அதே கட்டடத்தில் வெர்மீர் 1660ஆம் ஆண்டளவில் வரைந்த ‘பால் வார்க்கும் பெண்’ உள்ளது. ஒரு வேலைக்காரப் பெண்ணின் உழைப்பு இத்துணை மதிப்புடன் தீட்டப்பட்டமை உலக ஓவிய வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சி. ஒல்லாந்தக் கலை உழைப்பையே காணவில்லை என்று பொதுப்படக் கூறுவோர் இதன் முன்னால் வாய் மூடவே வேண்டும். அக்கலை கண்ட உழைப்பு வீட்டின் சுவர்களுக்குள் நிகழ்ந்த உழைப்பு என்பதே கவனிக்கத்தக்கது. கடலுக்கு அப்பாலிருந்த உழைப்பு ஓவியத்தினுள் வரும்போது அதன் தோற்றம் வேறு. அல்பேர்ட் கைப் தீட்டிய கம்பனி மூத்த வணிகர் ஒருவரின் ஓவியத்திலே அவர் தம் மனைவியுடன் பத்தாவியாத் துறையை நோக்கி நின்று, ஊர் திரும்பவிருக்கும் கப்பற்கூட்டத்தைக் கோலினாற் சுட்டிக் காட்டுகின்றார். பின்னே ஓர் அடிமை அவர்களுக்குக் குடை பிடித்து நிற்கின்றான். வணிகரின் கோல் கப்பல்களை உரிமை கொண்டாடுகின்றது. குடை வணிகரின் தகுதியைச் சொல்கின்றது. குடை பிடித்தவன் தகுதியின் உறுப்பாக மட்டுமே உள்ளான். நெடுங்காலமாகக் குறிப்புகளிலும் அவன் வெறும் பணியாளனாகவே இருந்தான். இன்று அவன் அடிமைப்படுத்தப்பட்டவன் என்று குறிப்புச் சொல்கிறது.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? 2021இல் றைக்ஸ்மியூசியம் அடிமைமுறை பற்றிப் பெரும் கண்காட்சியொன்றை நடத்தியது. பத்து மனிதரின் வாழ்க்கை வழியாக அது அமைந்தது. நிரந்தரக் காட்சியிலிருந்த 70க்கு மேற்பட்ட பொருள்களுக்கு மேலதிகக் குறிப்புகளும் அவ்வேளை சேர்க்கப்பட்டன. அப்பத்துப் பேரில் ஒருத்தி ஊப்யென் கொப்பிற் என்ற செல்வச் சீமாட்டி. அவளையும் அவளது முதற் கணவன் மார்டென் சோல்மான்சையும் 1634இல் றெம்பிராண்ட் முழுவுருவில் தீட்டினார். இவ்விரு ஓவியங்களையும் 2016இல் ஒல்லாந்தும் பிரான்சும் கூட்டாக 16 கோடி யூரோ கொடுத்து வாங்கின. சோல்மான்ஸ் குடும்பத்தின் செல்வம் சீனி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது. கருப்பஞ்சாறு பிரேசிற் தோட்டங்களின் அடிமைகள் பிழிந்தது. மணமக்களின் கறுப்புப் பட்டும் வெண்சரிகையும் எதனால் நெய்யப்பட்டன என்பதை நூதனசாலை தானே எடுத்துரைத்தமை சிறிய காரியமன்று. 2019இல் அம்ஸ்டர்டாம் நகர நூதனசாலை பதினேழாம் நூற்றாண்டைப் ‘பொற்காலம்’ எனக் குறிப்பிடுவதைக் கைவிட்டதும் இப்போக்கைச் சார்ந்ததே. எமது இலக்கிய வரலாறுகள் சங்ககாலத்தையும் சோழர் காலத்தையும் பற்றி எழுதும்போது இச்சொல்லை எவ்வளவு இலகுவிற் கையாளுகின்றன என்பதை நினைத்தால், அம்முடிவின் பெறுமதி விளங்கும்.

எனவே நூதனசாலை தன்னைத் தானே விமர்சிக்கத் தொடங்கிவிட்டது. எமது விமர்சனத்துக்கு இனி என்ன வேலை? இவ்வினாவுக்கு விடை தேட, நகரின் மிகச் சிறிய நூதனசாலையொன்றுக்கு வாசகரை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

ஒடுங்கிய தெருவொன்றில், எட்வர்ட் டவ்வெஸ் டெக்கர் 1820இல் பிறந்த வீட்டில், அவர் நினைவாக நூதனசாலை அமைந்துள்ளது. முல்தாதூலி என்ற புனைபெயரில் அவர் எழுதிய ‘மக்ஸ் ஹவலார்’ 1860இல் வெளிவந்தது. வழிகாட்டி நூல்கள் இவ்வீட்டை ஒரு வரியிற் கடந்துவிடும். எமக்கோ இந்நகரின் ஏனைய நூதனசாலைகள் எல்லாவற்றையும் வாசிப்பதற்கான திறவுகோல் இந்நாவலின் அமைப்பிலேயே இருப்பதாகத் தோன்றுகின்றது. நாவல் தொடங்குவது அம்ஸ்டர்டாமின் லௌரியர் கால்வாய்க் கரையிலிருக்கும் திரோக்ஸ்டொப்பல் என்ற கோப்பித் தரகரின் குரலில். கண்டிப்பும் கடவுட்பக்தியும் கணக்கும் நிறைந்த மனிதர். வறுமைப்பட்ட பழைய பள்ளித்தோழன் ஒருவன் அவரிடம் கையெழுத்துப் பிரதிகளின் பொதியொன்றை விட்டுச் செல்கின்றான். அதனுள் ஜாவாவின் லெபாக் மாவட்டத்தில் உதவி ஆட்சியாளராயிருந்து, குடியானவர் மீதான கொடுமைகளை முறையிட்டுப் பதவி துறந்த ஹவலாரின் கதை கிடக்கின்றது. டெக்கர் தாமே 1856இல் அப்பதவியைத் துறந்தவர். தரகருக்கு அப்பொதியில் வேண்டியது கோப்பி பற்றிய தகவல்கள் மாத்திரமே. ஆகவே தமது அலுவலகத்து இளைஞன் ஒருவனைக் கொண்டு நூலை எழுதுவிக்கின்றார்; இடையிடையே தாமும் குறுக்கிட்டு அதனைத் ‘திருத்துகின்றார்’. இறுதியில் முல்தாதூலி தாமே மேடையேறி, இருவரையும் துரத்திவிட்டு, மூன்றாம் வில்லியம் மன்னனை நேரே விளித்துப் பேசுகின்றார்.

1830 முதல் ஜாவாவில் நடைமுறையிலிருந்த கட்டாயப் பயிர்ச்செய்கை முறையில் குடியானவர்கள் தம் நிலத்திலும் உழைப்பிலும் ஒரு பங்கை ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. அதன் விளைபொருள் அம்ஸ்டர்டாமில் ஏலத்தில் விற்கப்பட்டது. ஆகவே கதையின் உண்மையான களம் ஜாவா. கதையை வைத்திருப்பவரோ அம்ஸ்டர்டாம் தரகர். முல்தாதூலியின் பெருஞ்சாதனை இக்கூற்றமைப்பில் உள்ளது. சுரண்டல் பற்றிய சாட்சியம் சுரண்டலால் வாழ்பவனின் மேசையினூடாகவே உலகுக்குக் கிடைக்கின்றது என்ற உண்மையை அவர் உள்ளடக்கமாகச் சொல்லாமல் உருவமாகவே ஆக்கிவிட்டார். நூதனசாலையின் சுவர்க்குறிப்பு திரோக்ஸ்டொப்பலின் குறுக்கீட்டுக்கு ஒப்பானது என்று நாம் கூறினால் அதனை வசையாகக் கொள்ள வேண்டியதில்லை. பொதி அவரிடம் இருக்கின்றது. எதனைத் திறப்பது, எதனை மூடிவைப்பது என்பதை அவரே தீர்மானிக்கின்றார். இன்று அவர் மனம் வருந்தி, பொதியிலுள்ள துயரக் கதைகளையும் வாசித்துக் காட்டுகின்றார் என்பதே புதிய நிலைமை.

நாவலின் எல்லையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. இந்தோனேசிய எழுத்தாளர் பிரமோதியா அனந்த தூர் 1999இல் எழுதிய கட்டுரையொன்றில், குடியேற்றவாதத்தைக் கொன்ற நூலாக இதனை மதிப்பிட்டார். சிறையிலும் தீவாந்தரத்திலும் ஆண்டுகளைக் கழித்த அப்பெருங் கலைஞரின் மதிப்பீட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் முல்தாதூலி ஒல்லாந்த ஆட்சி ஒழிய வேண்டும் எனக் கோரவில்லை. நீதியான ஆட்சியாக அது அமைய வேண்டும் என்றே கோரினார். மன்னனை நோக்கிய முறையீடாக நாவல் முடிவது தற்செயலன்று. அம்முறையீட்டின் வழிவந்தது 1901இல் அரசு அறிவித்த ‘அறநெறிக் கொள்கை’. பாடசாலைகளும் நீர்ப்பாசனமும் வந்தன. சுமாத்திராவின் தோட்டங்களும் விரிந்தன.

அந்த அறநெறிக் காலத்தின் கல்லாலான வடிவமே, 1926இல் திறக்கப்பட்ட குடியேற்றநாட்டு நிறுவனக் கட்டடம். பெருவணிக நிறுவனங்களின் பணமும் அரசின் பணமும் சேர்ந்து எழுப்பிய அம்மாளிகை பின்னர் வெப்பமண்டல நூதனசாலையாகி, 2023 முதல் உலக நூதனசாலை எனப் பெயர் பூண்டுள்ளது. 2022இல் அங்கு குடியேற்றவாதத்தின் மரபுரிமை பற்றிய நிரந்தரக் காட்சி திறக்கப்பட்டது. சாதிக்காய்க்காக 1621இல் யான் பீட்டர்சூன் கூன் பாந்தாத் தீவுகளில் நிகழ்த்திய பேரழிவு, தோட்டத்துறை, இனவாதம், மொழி, எதிர்ப்பு என அது விரிகின்றது. இந்நகரிற் பார்க்கத்தக்க காட்சிகளுள் இதற்கே நாம் முதலிடம் தருவோம். குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். காட்சியின் சொற்களஞ்சியம் நினைவு, காயம், அங்கீகாரம், அடையாளம் ஆகியவற்றாலானது. இலாபம், கூலி, வரி, நில உடைமை என்ற சொற்கள் அருகியே ஒலிக்கின்றன. பாந்தா மக்களின் அழிவு ஓர் அறக்கேடாக உணரப்படுகின்றது. சாதிக்காயின் விலையை ஐரோப்பாவில் உயர்த்தி வைத்திருப்பதற்கான உற்பத்திக் கட்டுப்பாடாக அது இருந்தது என்பது அடிக்குறிப்பாகிவிடுகின்றது. அறக்கேட்டுக்கு மன்னிப்புக் கோரலாம். 2021இல் நகர முதல்வரும், 2022இல் பிரதம மந்திரியும், 2023இல் மன்னரும் அடிமைமுறைக்காக அவ்வாறே கோரினர். இலாபத்துக்கு மன்னிப்புக் கோரும் வழக்கம் இன்னும் தோன்றவில்லை.

எதிர்ப்பியக்க நூதனசாலையைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். நாஸி ஆக்கிரமிப்பின்போது யூதர் வேட்டையாடப்படுவதை எதிர்த்து 1941 பெப்ரவரி 25ஆந் திகதி தலைமறைவுக் கம்யூனிஸ்ட் கட்சியின் அழைப்பில் அம்ஸ்டர்டாம் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றின் ஒளிமிக்க பக்கங்களில் ஒன்று. அதே அரசு 1945க்கும் 1949க்கும் இடையில் இந்தோனேசியக் குடியரசுக்கு எதிராகப் படையனுப்பியது. 2022இல் றைக்ஸ்மியூசியம் இந்தோனேசியப் புரட்சி பற்றிக் கண்காட்சி நடத்தியது. அதே ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒல்லாந்தப் படைகளின் மிகை வன்முறை அமைப்புரீதியானது என முடிவு செய்தது. ஆக்கிரமிக்கப்பட்டவராயும் ஆக்கிரமித்தவராயும் இருந்த அதே தலைமுறையை ஒரே கூடத்திற் காண்பதற்கு நகரிற் பல தெருக்களைக் கடக்க வேண்டியுள்ளது. தொழிலாளர் குடியிருப்பொன்றையே நூதனசாலையாக்கிய ‘ஹெற் ஸ்கிப்’பும் காணத்தக்கது. 1901இன் வீடமைப்புச் சட்டத்தின் வழியில் மிக்கேல் டி கிளார்க் வடிவமைத்த 102 வீடுகள். செங்கல்லை இத்துணை கற்பனையுடன் தொழிலாளருக்காக அடுக்கியவர் சிலரே. மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆகியோரின் கையெழுத்துப் பிரதிகளிற் பெரும்பகுதியைக் காத்துவரும் சர்வதேச சமூக வரலாற்று நிறுவகமும் இந்நகரிலேயே உள்ளது. 1935இல் நிறுவப்பட்ட அந்நிறுவகம் இப்போது இயங்குவது பழைய கொக்கோப் பண்டகசாலையொன்றில். ‘மூலதன’த்தின் ஆசிரியரின் கையெழுத்துக்கு இதனிலும் தக்க இடம் கிடைத்திருக்க முடியாது.

இறுதியாக, எம்மை நேரே தொடும் விடயத்துக்கு வருவோம். றைக்ஸ்மியூசியத்தில் நெடுங்காலம் இருந்த கண்டிப் பீரங்கி இன்று அங்கில்லை. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அச்சிறு பீரங்கியை 1740களில் இலேவுக்கே திசாவை கண்டி மன்னனுக்கு அளித்தான். 1765 பெப்ரவரியில் ஆளுநர் வான் எக்கின் படை கண்டியைச் சூறையாடியபோது அது கவரப்பட்டது. அவ்வேளை கண்டியை ஆண்டவன் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். இலங்கையிலிருந்து வெளிநாடு சென்ற தொல்பொருள்களின் பட்டியல் 1975இலேயே நூலாக வெளிவந்துவிட்டது. குடியேற்ற ஆட்சியில் விருப்பமின்றி இழக்கப்பட்ட பொருள்களை நிபந்தனையின்றித் திருப்பியளிக்க வேண்டுமென ஒல்லாந்த ஆலோசனைக் குழுவொன்று 2020இல் விதந்துரைத்தது. அரசு அதனை 2021இல் ஏற்றது. 2023 யூலையில் 472 பொருள்களை இந்தோனேசியாவுக்கும் 6 பொருள்களை இலங்கைக்கும் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. பீரங்கியும் இரு சம்பிரதாய வாள்களும் ஒரு கத்தியும் இரு துவக்குகளும் அவ்வாண்டு டிசெம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலையை அடைந்தன.

இதனை வரவேற்காதார் யார்? அரைநூற்றாண்டுக் கோரிக்கையின் வெற்றி அது. ஆயினும் ‘விருப்பமின்றி இழக்கப்பட்ட பொருள்’ என்ற சொற்றொடரை ஆழ்ந்து நோக்க வேண்டியுள்ளது. 1765இன் போர் எங்கிருந்து தொடங்கியது? 1760ஆம் ஆண்டளவில் தென்மேற்குக் கரையோரத்தில் ஒல்லாந்தரின் நிலக் கெடுபிடியாலும் கறுவாக் கடமைகளாலும் நெருக்குண்ட குடியானவரும் கறுவாப் பட்டை உரித்த சலாகம சாதியினரும் கிளர்ந்தெழுந்தமையே அதன் தோற்றுவாய். கண்டி அரசு அவர்களை ஆதரித்தது. போரின் முடிவில் 1766இன் உடன்படிக்கை இலங்கையின் கரையோரம் முழுவதையும் கம்பனிக்கு அளித்தது. மன்னன் இழந்த பீரங்கி பொருள், ஆகவே திரும்பிற்று. கறுவா உரித்தவன் இழந்தது உழைப்பு. அது விருப்பமின்றி இழக்கப்பட்டதே எனினும், பதிவேட்டிலக்கம் இடத்தக்க பொருளன்று. நூதனசாலையின் மொழியில் பெயர்ச்சொற்களே உள்ளன, வினைச்சொற்கள் இல்லை. தன்னைத் தானே விமர்சிக்கும் நூதனசாலையாலும் இவ்வெல்லையைத் தாண்ட முடியவில்லை. அப்பீரங்கி எமது நூல்களில் அதனைக் கொடுத்தவன் பெயராலும், அம்ஸ்டர்டாமில் அது கவரப்பட்ட நகரின் பெயராலும் வழங்கிற்று. செய்த கைகளின் பெயரால் எவ்விடத்தும் வழங்கவில்லை.

மற்றுமொன்று உண்டு, அது எமது வாசகர் பலருக்கு உவப்பாயிராது. 1659 முதல் 1661 வரையில் தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வருத்தியபோது நாகபட்டினக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விலைக்கு வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். வாங்கியது கம்பனி. விற்பனையில் உள்ளூர்த் தரகரும் பங்கு கொண்டனர். யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையைத் தொகுத்தபோது எசமானர், அடிமைகள் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. தொகுப்பைப் பரிசீலித்து ஒப்புதலளித்தவர்கள் பன்னிரண்டு முதலியார்கள். ஒல்லாந்தச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற அந்த உறவுமுறை, பிரித்தானியர் 1844இல் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்த பின்னரும் சாதியொடுக்குமுறையாகத் தொடர்ந்ததை இருபதாம் நூற்றாண்டின் கோயிற் பிரவேசப் போராட்டங்கள் வரை கண்டுள்ளோம். றைக்ஸ்மியூசியத்தின் 2021ஆம் ஆண்டுக் கண்காட்சியைப் போன்றதொன்றை யாழ்ப்பாணத்தில் நடத்த முற்பட்டால், பொதியை வைத்திருக்கும் தரகர் யாராயிருப்பார்?

றைக்ஸ்மியூசியத்தின் துணிப்பகுதியில் சோழமண்டலக் கரையின் சாயமிட்ட பருத்திச் சீலைகள் உள்ளன. கொடியும் பூவும் படர்ந்த அவற்றின் சிவப்பு மூன்று நூற்றாண்டுகள் கழிந்தும் மங்கவில்லை. அக்கரையின் சாயக்காரர் இச்சிவப்பைச் சாயவேரிலிருந்து பெற்றனர். யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னாரிலும் அதே வேரைக் கிண்டி எடுக்கும் கடமை கம்பனியாட்சியில் குறிப்பிட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. இச்சீலைகளை எவரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. இவை கவரப்பட்டவையல்ல; விலை கொடுத்து வாங்கப்பட்டவை. ஹேக் நகரின் தேசிய சுவடிக்கூடத்தில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் கம்பனி ஆவணங்களிடையே, நெசவாளருக்கு முற்பணம் கொடுத்த தரகரின் கணக்கும், துறைமுகத்தில் நிறுக்கப்பட்ட வேரின் அளவும் வரிவரியாக எழுதப்பட்டுள்ளன.